குறி மணியும் என்ட கண்ணும்



நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். வயல் காவலுக்குத் துவக்கோடு போகிறவர்கள், அதிலும் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள், நேரத்தை எடுத்தாவது வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் போனைத் திறந்து யூடியூப்பில் ஒரு வீடியோவைக் காட்டினார். துவக்கின் மேலே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. "சேர், இந்த ரெட் டொட்டப் பூட்டினா இருட்டிலயும் குறி தப்பாதாம். நீங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஆள். உண்மையா?" என்று கேட்டார். மற்றவர், "பொய்யா இருந்தா ஏன் சேர் அவ்வளவு விலை?" என்றார்.

வெயிலுக்குள் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன். 2019க்குப் பிறகு நம்மட ஆக்கள் முகநூலில் துவக்கு என்ற சொல்லை எழுதவே யோசிப்பார்கள். நானும் யோசித்தேன். ஆனால் நான் எழுதப்போவது கச்சேரியில் வருஷா வருஷம் லைசன் புதுப்பிக்கிற, வெள்ளாமையைப் பன்றியிடமிருந்து காக்கிற துவக்கைப் பற்றி மட்டும்தான். மான், மரை சுடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அது குற்றம். வரம்பில் கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களுக்கு என்னிடம் பேச்சே இல்லை.

எங்களுடைய துவக்கு வாப்பாவின் காலத்து ஒற்றைக்குழல், 12 போர். பின்னால் குதிரையை இழுத்து நிமிர்த்தினால்தான் வெடிக்கும். குழலின் நுனியில் மிளகு அளவில் ஒரு பித்தளை மணி. அவ்வளவுதான் குறி. ரைபிளில் இருப்பதுபோல் பின்பக்கத்தில் வெட்டு இல்லை. வாப்பா அந்த மணியை ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்னால் சாம்பல் போட்டுத் தேய்த்து மினுக்குவார். நான் சின்ன வயதில் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மௌத்தாவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னரே அவர் துவக்கைக் கையில் எடுப்பதை விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு இப்போது 56. நாற்பத்தைந்தில் வெள்ளெழுத்து வந்தது. முதலில் தெரிந்தது மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் ஓதும்போதுதான். முஸ்ஹபைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் கை நீளம் போதவில்லை. கண்ணாடி வாங்கினேன், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஓதுவதற்கு முடிந்தது. வயலில் முடியவில்லை.

வயது போகும்போது கண்ணில் என்ன நடக்கிறது என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் இளகியது. தூரத்தைப் பார்த்துவிட்டு உடனே கிட்டத்துக்கு மாறும். வயதோடு அது இறுகுகிறது. 15 வயதுப் பிள்ளை பத்து சென்ரிமீற்றருக்குள் இருக்கும் எழுத்தையும் வாசிக்கும். ஐம்பதில் அது அரை மீற்றர் தள்ளிப் போய்விடும். துவக்கு மணி கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர். ஐம்பத்தைந்துக்குப் பிறகு அந்தத் தூரமும் மங்கத் தொடங்கும். நல்ல வெயிலில் தெரியாது. பொழுது மங்கும்போது மணி இரண்டாகும், அல்லது பஞ்சுபோலப் பரவும்.

இரண்டாவது விஷயம் கண்மணி. இருட்டில் இளைஞர்களின் கண்மணி சுமார் 7 மில்லிமீற்றர் வரை விரியும். என் வயதில் சுமார் 5 வந்தால் நல்லது. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போடுங்கள். ஏழின் வர்க்கம் 49, ஐந்தின் வர்க்கம் 25. அதாவது பாதி வெளிச்சம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போகிற பாதியும் மஞ்சளேறிய வில்லையைத் தாண்டித்தான் விழித்திரைக்குப் போக வேண்டும். வெண்படலம் தொடங்கியிருந்தால் இன்னும் மோசம். அதோடு இருட்டுக்குப் பழகவும் நேரம் எடுக்கும். இளையவர்களுக்கே அரை மணித்தியாலம் வரை தேவை, நமக்கு அதைவிடக் கூட. வாடிக்குள் இருந்து வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வெளியே வந்து வயலைப் பார்க்கிறவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்கிறேன் என்று நினைக்கிறார்.

இவ்வளவையும் நான் பதினோராம் தரத்துக்குப் பல வருஷம் படிப்பித்திருக்கிறேன். என் சொந்தக் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. ஆசிரியர்கள் பலருக்கு இந்த நோய் உண்டு.

மணி மங்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துவக்கைப் பிடித்துப் பார்த்ததுதான். பிழை. அந்தக் கண்ணாடி 40 சென்ரிமீற்றருக்குச் செய்தது. மணியும் மங்கல், வயலும் மங்கல். இரட்டை வில்லைக் கண்ணாடியும் சரிவராது. கீழ்த் துண்டால் மணியைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும், தலையை நிமிர்த்தினால் கன்னம் கட்டையிலிருந்து விலகும், குறி மேலே போகும். சரியான வழி எளிமையானது. ஒரு மீற்றரில் உள்ள பொருளைத் தெளிவாகப் பார்க்க தூரப்பார்வையோடு +1 பவர் சேர்த்தால் போதும். ஆனால் அப்போது தூரம் மங்கும். அதில் பாதி, +0.50, போட்டால் மணியும் ஓரளவு, தூரமும் ஓரளவு. இரண்டும் முழுத் தெளிவு இல்லை, ஆனால் இரண்டும் போதும். கண்ணாடிக் கடையில் துவக்கு என்று சொல்லாமல் "ஒரு மீற்றர் தூரத்தில ஒரு வேலை" என்று சொல்லி எடுத்தேன். கடைக்காரப் பிள்ளை கம்பியூட்டருக்கா என்று கேட்டது. ஓம் என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அடுத்தது மணியின் நிறம். மருமகன் சிவப்புப் பூசுவோம் என்றான். பூசிப் பார்த்தோம். பகலில் ஜொலித்தது. மஃரிபு நேரத்தில் கறுப்பாகிவிட்டது. காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறையும்போது கண்ணின் கூம்புக் கலங்கள் ஓய்ந்து கோல் கலங்கள் வேலைக்கு வரும். கோல்களுக்குச் சிவப்புத் தெரியவே தெரியாது. பச்சைப் பக்கம்தான் அவற்றுக்குக் கூர்மை. வீட்டுப் பூக்கன்றுகளை மஃரிபுக்குப் பிறகு பாருங்கள், செவ்வரத்தம்பூ கறுத்துப்போய் இருக்கும், இலை இன்னும் வெளிறித் தெரியும். ஆகவே சிவப்பைச் சுரண்டிவிட்டு, கீழே வெள்ளைக்கு என்னுடைய டிப்பெக்ஸ், அதற்கு மேலே ஒளிரும் பச்சைப் பூச்சு. ஒரு ரூபாய் செலவில்லை. பொழுது பட்ட பிறகும் பத்து, பதினைந்து நிமிஷம் கூடத் தெரிந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே ஒளி இழைத் துண்டு விற்கிறார்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை வாங்கி நுனியில் காட்டும். நல்ல சாமான்தான். ஆனால் வெளிச்சம் இருந்தால்தானே வாங்கும்? முழு இருட்டில் அதுவும் வெறும் பிளாஸ்டிக்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் அட்டாளைச்சேனை கலாசாலையில் என்னோடு படித்த நண்பர். இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். அங்கே காட்டுப்பன்றி பெரிய பீடை, சட்டப்படி அனுமதி எடுத்து ரைபிளால் சுடுகிறார்கள். அவருக்கும் என் வயதுதான். "மச்சான், ரைபிள்ல எனக்கு இன்னும் கஷ்டம். பின் வெட்டு, முன் குறி, பன்றி, மூண்டு தூரம். உள்ளது ஒரு கண்" என்றார்.

அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தவர். முதலில் பின் வெட்டைக் கழற்றிவிட்டுத் துவாரக் குறி பூட்டினார். ஊசித்துளைக் கமராவின் அதே தத்துவம்தான். சின்ன ஓட்டைக்குள்ளால் பார்த்தால் கிட்டத்திலும் தூரத்திலும் உள்ளவை சேர்ந்து தெளிவாகும். உங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலை மடக்கிச் சின்ன ஓட்டையாக்கி அதற்குள்ளால் இந்தப் பதிவைப் பாருங்கள், எழுத்து தெளிந்து வரும். ஆனால் ஓட்டை சின்னதானால் வெளிச்சமும் குறையும். பகலில் வேட்டையாடுகிற வயதானவருக்கு இதைவிட நல்ல குறி இல்லை. மாலையில் அது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. பெரிய ஓட்டை போட்டால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார்.

பிறகு ரெட் டொட். ஜும்ஆவில் கேட்டவருக்கு இதுதான் பதில். சாமான் பொய் இல்லை. அந்தப் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தாலும் கண்ணுக்கு அது வெகுதூரத்தில் இருப்பதுபோலத்தான் வந்து சேரும். அதனால் பன்றியையும் புள்ளியையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், வெள்ளெழுத்துக்காரனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கண்ணில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. நட்சத்திரம் மாதிரி, வால்வெள்ளி மாதிரி இழுபடும். சாமான் பழுது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகாமல் போன் கமராவால் அந்தப் புள்ளியைப் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் பழுது உங்கள் கண்ணில். மங்கல் நேரத்தில் புள்ளியின் வெளிச்சத்தை ஆகக் கீழே இறக்காவிட்டால் அதன் பிரகாசமே பன்றியை மறைத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது எதையும் பெரிதாக்காது, வெளிச்சத்தையும் சேர்க்காது. இருட்டில் உங்களுக்கு ஒரு கறுப்புக் கும்பம் தெரிந்தால், ரெட் டொட் அந்தக் கறுப்புக் கும்பத்தின் மேல் அழகாக ஒரு சிவப்புப் புள்ளியை வைக்கும். அது என்ன கும்பம் என்று சொல்லாது.

நண்பர் கடைசியில் தொலைநோக்குக் குறியில் வந்து நின்றார். அதற்கு ஒரு கணக்கு உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அளவு வரும். ஜேர்மனியில் மாலைப்பொழுதில் பரணில் இருந்து பன்றி பார்க்கிறவர்கள் காலங்காலமாக 8 பெருக்கம், 56 மில்லிமீற்றர் கண்ணாடி பாவிப்பார்கள். 56ஐ 8ஆல் வகுத்தால் 7. இளங்கண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது. எங்கள் கண்மணி ஐந்துதான் விரியும் என்றால் அந்த ஏழில் மிச்சம் வீண். 40 மில்லிமீற்றர் கண்ணாடியில் 8 பெருக்கமே எங்களுக்குப் போதும், விலையும் பாரமும் குறையும். அதே கண்ணாடியில் பெருக்கத்தை 12க்கு ஏற்றினால் ஒளி வட்டம் மூன்று சொச்சத்துக்கு இறங்கி, மாலையில் படம் பெரிதாகவும் இருட்டாகவும் வரும். பெருக்கம் கூடினால் நல்லது என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நமக்கு இதெல்லாம் ஏன்? ஒற்றைக்குழல் துவக்கால் முப்பது யாருக்குள் சுடுகிற நமக்குத் தொலைநோக்குக் குறி தேவையே இல்லை. பார்சலில் வரவழைக்க நினைக்கிறவர்கள் முதலில் கச்சேரியில் கேளுங்கள். சுங்கத்தில் நின்று பதில் சொல்வதைவிட அது லேசு.

இவ்வளவோடு பதிவை முடித்திருந்தால் எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். முடிக்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னர், ஜனவரி மாதம். கதிர் பால் பிடித்திருந்த நேரம். மூன்று இரவாகக் காட்டோரக் கண்டத்துக்குள் பன்றி இறங்கி உழக்கியிருந்தது. பால் கதிரைத் தின்பது கொஞ்சம், உருண்டு புரண்டு சாய்ப்பது கூட. பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். கடன் எடுத்து விதைத்தது. நான் வாடியில் படுத்து, சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தேன். வெளிச்சம் வரத் தொடங்கவில்லை, ஆனால் வானத்துக்கும் வரம்புக்கும் வித்தியாசம் தெரிகிற நேரம். பனி வேறு. புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். பச்சை மணி கையெட்டும் தூரத்தில் தெளிவாக நின்றது. எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

வாய்க்கால் கரையில் கறுப்பாக ஒன்று. பதிந்து, முதுகு வளைந்து, தலை கீழே. கொஞ்சம் அசைந்தது, மண்ணைக் கிளறுவதுபோல. ஒரு இருபத்தைந்து யார். நான் குதிரையை நிமிர்த்தினேன். மணியை அந்த முதுகின் நடுவில் வைத்தேன். மணி அசையவில்லை. பிஸ்மில்லாஹ்கூடச் சொல்லிவிட்டேன்.

அது இருமியது.

மனிச இருமல். பீடி குடிக்கிறவர்களின் காலை இருமல்.

துவக்கைக் கீழே இறக்கினேனா, கை தானாக இறங்கியதா தெரியாது. குதிரையைப் பெருவிரலால் மெல்லப் படுக்க வைக்கும்போது விரல் நடுங்கி, ஒரு தரம் வழுக்கப் பார்த்தது. அது வழுக்கியிருந்தாலும் வெடித்திருக்கும். பிறகு வரம்பிலேயே இருந்துவிட்டேன். சாரம் முழுக்க நனைந்தது.

அடுத்த வயலின் முல்லைக்காரர் அவர். எனக்கு மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். தண்ணி முறை அவருக்கு. குளிருக்கு உரச்சாக்கைத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக்கொண்டு, வாய்க்கால் வாயில் குந்தி, மண்வெட்டிப் பிடி போன கையால் சேற்றை அள்ளி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கண்டு, "என்ன சேர், பனிக்குள்ள இருக்கிறீங்க? வருத்தமா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை காக்கா என்றேன். அவர் பீடி பற்றவைக்க நெருப்புப்பெட்டி கேட்டார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நாலு பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாது.

தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவனுக்கு குர்ஆன் சொல்லும் கடமை நமக்குத் தெரியும். குடும்பத்துக்கு நஷ்டஈடு, அடிமையை விடுவிக்க வழியில்லாதவனுக்கு இரண்டு மாதம் தொடர்ச்சியாக நோன்பு. ஸூரத்துந் நிஸாவில் நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஆயத். ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டுவதையே ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நான் நீட்டினேன். தெரியாமல்தான். ஆனால் தெரிந்துகொள்ள முயற்சித்தேனா என்பதுதான் கேள்வி. ஒரு வருஷமாக மணியைப் பார்க்கத்தான் முயற்சித்திருந்தேன். மணிக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க ஒன்றுமே செய்யவில்லை. குறி எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததோ அவ்வளவுக்கு எல்லாமே தெரிகிறது என்று கண் என்னை ஏமாற்றியது. மணி மங்கலாக இருந்த பழைய காலத்தில் அந்த வெளிச்சத்தில் நான் துவக்கையே தூக்கியிருக்க மாட்டேன்.

வாப்பா ஏன் விட்டார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவருக்கும் ஒரு காலை இருந்ததா? இப்போது கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகு கல்முனைக்குப் போய்க் கண்ணை முழுதாகக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் வெண்படலம் ஆரம்பம், ஒப்பரேஷனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, இரவில் எதிரே லைட் வந்தால் கூசும், மங்கலில் வித்தியாசம் பிரிக்கக் கஷ்டம் என்றார்கள். மோட்டார் சைக்கிள் ஓடும்போது கூசியது உண்மைதான். புது லைட்டுகளின் குற்றம் என்று நினைத்திருந்தேன். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் துவக்குக்கு எதையும் வாங்க முன்னர் இதைச் செய்யுங்கள். வெண்படலம் உள்ள கண்ணுக்கு எந்தக் குறியும் மருந்தில்லை.

பிறகு வாங்கியது ஒரு பைனாகுலர். துவக்குக்கு அல்ல, கழுத்துக்கு. 7 பெருக்கம், 35 மில்லிமீற்றர். 35ஐ 7ஆல் வகுத்தால் 5, என் கண்மணியின் அளவு. வெறுங்கண்ணுக்குக் கும்பமாகத் தெரிவது அதில் காதும் காலும் உள்ளதாக வரும், அல்லது சாக்கும் சாரமுமாக வரும். தொலைநோக்குக் குறி பூட்டிய துவக்கில் எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் குழலை அதன்மேல் நீட்ட வேண்டும். பைனாகுலரில் துவக்கு வரம்பில் கிடக்கும். என் நண்பரிடம் இதைச் சொன்னபோது, அங்கே லைசன் வகுப்பில் இதைத்தான் முதல் நாளே சொல்லித் தந்தார்கள் என்றார். "அப்ப ஏன்டா எனக்கு இவ்வளவு நாளாச் சொல்லல?" என்றேன். "நீ குறியப் பத்தித்தானே கேட்டாய்" என்றான். அது சரி.

டோர்ச் அடித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடு, எருமை, நாய், மான் இவற்றின் கண் டோர்ச்சுக்கு மினுங்கும், விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படை இருப்பதால். பன்றிக்கு அந்தப் படை இல்லை. அதனால் நம்மட வட்டையில் ஒரு பேச்சு உண்டு, "கண் மினுங்கல்லயா, அப்ப பன்றிதான், வை வெடி" என்று. மனிசனின் கண்ணும் மினுங்காது. அதை யாரும் சொல்வதில்லை.

இப்போது நான் தனியாகப் போவதில்லை. மருமகனுக்கு 22 வயது. துவக்கு என் பெயரில், அவன் தொட முடியாது, தொடவும் விடமாட்டேன். அவன் வேலை பைனாகுலர். அவன் பார்த்து, நானும் பார்த்து, இரண்டு பேரும் பன்றி என்று சொன்னால்தான் துவக்கு வரம்பிலிருந்து எழும்பும். மூன்றில் இரண்டு தரம் அதற்குள் பன்றி போய்விடும். "மாமா, இப்படிப் பார்த்தா ஒண்டும் விழாது" என்று முதலில் குறைப்பட்டான். நான் அந்தக் காலையைச் சொன்னேன். பிறகு குறைப்படுவதில்லை. போன பெரும்போகத்தில் இரண்டே இரண்டு பன்றி விழுந்தது, இரண்டையும் குழி தோண்டிப் புதைத்தோம். மிச்ச இரவெல்லாம் தகரம் தட்டினதும் வெடி கொளுத்தினதும்தான். நட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. காட்டோரக் கண்டத்தில் கால்வாசி போனது.

காக்காவிடம் இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தேன். இந்த ரமழானில், தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியில் இருக்கும்போது சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்டைக்கி நீங்க நெருப்புப்பெட்டி தரக்குள்ள கை ஏன் நடுங்கின எண்டு இப்பதான் விளங்குது" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "என்ட மனிசி எந்த நாளும் பீடிய உடு, பீடிய உடு எண்டு ஏசுவாள். இதப் போய்ச் சொல்லட்டா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அனுமதி தந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை, யார் என்று கொமெண்டில் ஆராயவும் வேண்டாம்.

அவர் இப்போது சாக்கின் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்கிறார். நான் சொல்லவில்லை, அவரே செய்தார். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தண்ணி கட்ட வருகிற மனிசனா எனக்காக வெள்ளை கட்ட வேண்டும்?

ரெட் டொட் கேட்ட இரண்டு பேருக்கும்: காசு உங்கள் காசு. ஆனால் வாங்க முன்னர் ஒரு நாள் பின்னேரம் துவக்கை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வயலுக்கு வாருங்கள். மருமகனை ஐம்பது யாரில் சாக்குப் போர்த்திக் குந்த வைக்கிறேன், பக்கத்தில் ஒரு எருக்கும்பமும் ஒரு வைக்கோல் கட்டும். எந்த நிமிஷம் வரை எது மனிசன் என்று உங்களால் சொல்ல முடிகிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்போம். என் நிமிஷம் எனக்குத் தெரியும். சூரியன் பட்டு இருபத்திரண்டாவது நிமிஷம். அதற்குப் பிறகு நான் துவக்கைத் திறந்து தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன்.

வட்டையில் உள்ள எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நாளை இரவும் நாளை மறுநாள் இரவும் நானும் மருமகனும் காட்டோரக் கண்டத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த இரண்டு இரவிலும் சுபஹு நேரத்திலும் தண்ணி முறை யாருக்கு, எந்த வாய்க்கால் என்று கீழே எழுதுங்கள், அல்லது எனக்குக் கோல் எடுங்கள். எத்தனை மணியானாலும் பரவாயில்லை. பெயர் வராத வாய்க்கால் பக்கம் நான் துவக்கைக் கொண்டுபோக மாட்டேன்.